'சளி மாத்திரை' இனிச் செல்லாது

கேள்வி:

எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் பீடி சுத்துகிறேன், வீட்டுக்காரர் கொத்த வேலை. என் அக்கா மகன் எங்களோடுதான் வளர்கிறான். வயது 13, எட்டாம் வகுப்பு படிக்கிறான். அக்காவும் அத்தானும் உயிரோடு இல்லை. இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. பையனுக்கும் இருக்கிறது. நாலு வயதிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். நெஞ்சுச் சளிக்கு உள்ள மாத்திரை என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறோம். போன மாதம் தொழுவத்து ஓட்டு இடுக்கில் கை விட்டபோது மாத்திரையாக வந்து விழுந்தது. எண்ணினால் 22. ரத்தப் பரிசோதனையில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியின் அளவு, 18,000 என்று வந்திருக்கிறது. இதற்கு முன் அப்படி வந்ததே இல்லை. கேட்டால், "எனக்குத்தான் சளியே இல்லல்லா, பொறவு எதுக்கு தெனமும் முழுங்கணும்?" என்கிறான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று மருந்து வாங்குகிற மையத்தில் சொல்கிறார்கள். எங்க அம்மை, "பச்சப் பிள்ளைட்ட இதப் போயி சொல்லுவியாட்டி? அவன் எதையாவது பண்ணிக்கிட்டாம்னா?" என்று அழுகிறாள். அவனுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பதும் அவள்தான். என் மகளுக்குப் பத்து வயது, அவளுக்கும் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமா? கபடிக்கு அனுப்பலாமா? தசராவுக்குக் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு மாலை போட்டு வேடம் கட்டுவதாக அம்மை நேர்ந்திருக்கிறாள், விரதத்தில் மாத்திரை ஆகுமா? நாளைக்கு இவனுக்கு ஒரு கல்யாணம் காட்சி உண்டா?

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் ஊரையும் இன்னும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். தைரியமாக வாசியுங்கள்.

சொல்லிவிடுங்கள். இந்த மாதமே சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அந்த 22 மாத்திரைகள். அவன் மருந்தைத் தூர எறியவில்லை, ஓட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிறான். அடம் பிடிக்கிற பையன் அப்படிச் செய்ய மாட்டான். எதையோ யோசித்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருக்கிற பையன்தான் செய்வான். சளி இல்லாதபோது சளி மாத்திரை எதற்கு என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாலு வயதில் நீங்கள் சொன்ன பதில் அந்த வயதுக்குப் போதுமானதாக இருந்தது, இப்போது அவனுக்கு அது பத்தவில்லை.

அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஒன்பது வருடமாக ஒரே கட்டடத்துக்குப் போய் வருகிறான். வாசலில் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையம் என்று எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத பையனா? சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் படம். மாத்திரை டப்பாவில் டெனோஃபோவிர், லேமிவுடின், டோலுடெக்ராவிர் என்று பெயர் இருக்கிறது. சித்தப்பா போனை ஐந்து நிமிடம் எடுத்தால் போதும். இதையெல்லாம் விட அந்தத் தனித் தட்டு! தங்கச்சி எந்தத் தட்டிலும் சாப்பிடலாம், தான் மட்டும் ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும் என்பது அவனுக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். 'உன்னிடம் ஏதோ இருக்கிறது, அது மற்றவர்களுக்கு ஆகாது' என்று அந்தத் தட்டு மூன்று வேளையும் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தவரையில் இந்த வயதுப் பிள்ளைகள் பாதியை ஊகித்துவிடுகிறார்கள். மீதிப் பாதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களாக நிரப்பிக்கொள்கிற பாதி எப்போதும் உண்மையைவிடக் கொடூரமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும், அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அது 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. உங்கள் பையன் அந்த வயதையும் தாண்டிவிட்டான். நம் ஊர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எய்ட்ஸ் பற்றிய பாடம் வரும். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம், வந்தால் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி, ஊர்வலம் இருக்கும். நாற்பது பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வாத்தியார் சொல்லச் சொல்ல, 'இது என் கதைதானே' என்று ஒருவன் தனியாகக் கண்டுபிடிப்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவன் ஏதாவது சொல்லிச் சிரிப்பான், இவனும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கும். புத்தகத்துக்கு முன்னால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிச் சொல்வது?

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம். கோயில் கொடை, கல்யாணம் என்று வீடு நிறைய ஆள் இருக்கும் நாளும் வேண்டாம். ராத்திரியில் சொல்லவே சொல்லாதீர்கள், அதோடு அவன் தனியாகப் போய்ப் படுக்க வேண்டிவரும். ஒரு சனிக்கிழமை வெள்ளனாச் சொன்னால் பகல் முழுக்க நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். அடுத்த நாளும் லீவு. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், பக்கத்து வீட்டு அக்கா எப்போது வேண்டுமானாலும் இலை வெட்ட வந்து உட்காருவார். அன்றைக்கு ஆயிரம் பீடி குறைந்தால் குறையட்டும். ஆற்றுக்கோ தோட்டத்துக்கோ அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். சித்தப்பாவோடு அவன் ஒட்டுதலாக இருந்தால் அவரும் வரட்டும். ஆச்சி, அதாவது உங்கள் அம்மை, வேண்டாம். அவர்கள் அழுதால் பையன் தன் கேள்வியை விழுங்கிவிட்டு ஆச்சியைத் தேற்றப் போய்விடுவான்.

நீங்கள் பேச்சைத் தொடங்கும்முன் அவனைப் பேசவிடுங்கள். "இந்த மாத்திரை எதுக்குன்னு நீ நெனைக்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'தெரியாது' என்பான். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவனே அந்த வார்த்தையைச் சொன்னாலும் சொல்லுவான். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்: "நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ சளி மாத்திரைன்னு சொன்னேன். சொன்னா ஒனக்குப் புரியாதுன்னு அப்படிச் சொன்னேன். இப்ப நீ வளந்துட்ட. ஒன் ரத்தத்துல எச்.ஐ.வி.ன்னு ஒரு கிருமி இருக்கு. அதுக்குத்தான் இந்த மாத்திரை." அந்தப் பெயரைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 'ரத்தத்தில் ஒரு கோளாறு', 'அந்த நோய்' என்று சுற்றி வளைத்தால் இன்னொரு சளி மாத்திரையைக் கொடுத்த மாதிரிதான். குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். நீங்கள் கிசுகிசுத்தால் அது கிசுகிசுக்க வேண்டிய காரியம் என்று அவன் எடுத்துக்கொள்வான்.

முதல் நாள் இதற்குமேல் மூன்று விஷயம் அவன் காதில் விழுந்தால் போதும். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, பிறக்கும்போதே வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலப் படித்து, வேலை பார்த்து, கிழவன் ஆகும்வரை இருக்கலாம். நீங்கள் அவனை விட்டு எங்கும் போக மாட்டீர்கள். மீதியை வேறு நாளில் பேசிக்கொள்ளலாம். ஒரே நாளில் முடிகிற பேச்சு இல்லை இது. பதினைந்து வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை, அவன் மனதுக்குள் ஒரு பெண் வந்த பிறகு ஒருமுறை திரும்பவும் பேச வேண்டிவரும்.

அவன் கேட்கப்போகிற கேள்விகளுக்கு இப்போதே தயாராகிவிடுங்கள். கிருமி என்றால் என்ன என்று அவன் கேட்பான் என்று நினைக்காதீர்கள். "அம்மைக்கு எப்படி வந்துச்சு?" என்றுதான் அவன் முதலில் கேட்பான். இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. உங்கள் வீட்டிலும் அத்தான் மீது கோபம் இருக்கலாம், ஆச்சி இன்றைக்கும் ஏசிக்கொண்டிருக்கலாம். பையனுக்கு அவர் அப்பா. "அப்பாவுக்கு இருந்தது அவருக்கே தெரியாது. அவர்ட்டருந்து அம்மைக்கு வந்தது, அம்மைக்கும் தெரியாது. நீ வயித்துல இருந்தப்பவோ, பெறந்தப்பவோ, பால் குடிச்சப்பவோ ஒனக்கு வந்துட்டு." இவ்வளவுதான் உண்மை, இவ்வளவு போதும். அப்பாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "அது அவருக்குத்தான் தெரியும். உடலுறவுல வரும், ரத்தத்துல வரும், ஊசியில வரும்" என்று சொல்லுங்கள். பதிமூன்று வயதுப் பையனிடம் உடலுறவு என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லலாம். அவன் அதை உங்களைவிடக் கூச்சமில்லாமல் மைதானத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்தது: "அம்மை செத்துட்டாளே, அப்ப நானும் செத்துருவேனா?" இந்தக் கேள்வியை அவன் வாய்விட்டுக் கேட்காமல் போகலாம். கேட்காவிட்டாலும் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள். தாய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டால் பிறக்கிற நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்று வந்துவிடும். கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே குறைத்துவிடலாம். உங்கள் அக்காவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தொற்றைக் காலம் கடந்து கண்டுபிடித்து, உடம்பு தளர்ந்த பிறகு மருந்து தொடங்குபவர்களுக்குக் காசநோய் போன்றவை முந்திக்கொள்ளும். இவனுக்கு நாலு வயதிலேயே தொடங்கிவிட்டோம். "அம்மைக்கு மருந்து பிந்திட்டு. ஒனக்குப் பிந்தல" என்று சொல்லுங்கள். அம்மாவின் படம் ஏதாவது இருந்தால் அன்றைக்கு எடுத்துக் காட்டுங்கள். அக்காவைப் பற்றிப் பேசுவதையே வீட்டில் நிறுத்திவிட்டோம் என்று பல சித்திமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நோயை மறைக்கத் தொடங்கி ஆளையே மறைத்துவிடுகிறோம்.

மூன்றாவது கேள்வி மாத்திரையைப் பற்றி. உடம்பு நன்றாக இருக்கும்போது ஏன் சாப்பிட வேண்டும்? இந்தக் கிருமி நம்மைக் காக்கிற சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, அவற்றை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். மாத்திரை கிருமியைக் கொல்லாது, பெருகவிடாமல் அடைக்கும். சில அணுக்களுக்குள் கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், அங்கே எந்த மருந்தும் அதை எட்டாது. பையனுக்குப் புரியும்படி சொல்வதென்றால், குளத்து மடையைக் காட்டுங்கள். பலகை போட்டு அடைத்திருக்கும்போது வெளியே வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். அதைப் பார்த்துக் குளத்தில் தண்ணீர் இல்லை என்று யாராவது பலகையை உருவுவார்களா? மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்திலேயே கிருமி ரத்தத்தில் திரும்பவும் பெருகிவிடும். ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விடுவது இன்னும் மோசம். அரைகுறை மருந்தில் பிழைக்கிற கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறக் கற்றுக்கொள்ளும்.

18,000 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். மாத்திரை ஓட்டுக்குள் இருந்தால் ரத்தத்தில் அந்த எண்தான் வரும். மருந்து தோற்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. 1,000-க்கு மேல் போனால் மாதாமாதம் வரச்சொல்லி, என்ன தடங்கல் என்று பேசி, மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட வைத்துவிட்டுத் திரும்பவும் சோதிப்பார்கள். இப்போது கொடுக்கிற டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு எதிராகக் கிருமி அவ்வளவு எளிதில் பழகிவிடாது. அதனால் சாப்பிடத் தொடங்கினால் பெரும்பாலும் அதே மாத்திரையிலேயே எண் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் வேறு கூட்டு மருந்து இருக்கிறது, அதுவும் இலவசம்தான். இதற்கிடையில் இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரையை வைத்து வீட்டில் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். வாயைத் திறந்து காட்டச் சொன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்வான். எந்த நேரம் சௌகரியம் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 30 கிலோவுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்கு உள்ள அதே மாத்திரை, நாளுக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். ராத்திரி எடுத்துத் தூக்கம் கெடுகிறது என்றால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் ஒன்று, மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். இரும்பும் கால்சியமும் அலுமினியம், மெக்னீசியம் சேர்ந்த அசிடிட்டி மருந்தும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் என்றால் இந்த மாத்திரைக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை போடலாம். இரும்பு மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் இதற்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நம் மாத்திரை, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அந்த மாத்திரை என்றால் ஒன்றோடொன்று முட்டாது. உங்களுக்கும் ராத்திரி கண் முன்னால் இருக்கும்.

குலசைக்குத் தாராளமாகப் போகட்டும். விரதச் சாப்பாடு, ஒருவேளைச் சாப்பாடு எதுவும் இந்த மாத்திரைக்குத் தடை இல்லை. வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போகிற நாள்களில் தங்குமிடம் மாறும். தினத்துக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்து உள் பையில் கொடுத்துவிடுங்கள். டப்பாவோடு போக வேண்டாம், குலுங்குகிற சத்தத்துக்கே கூட வருகிற பையன்கள் என்னவென்று கேட்பார்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்ததையும் மாத்திரையையும் ஆச்சி மனதில் எதிரெதிராக நிறுத்திவிடாதீர்கள். "அம்மன் கொடுத்த மருந்துன்னு நெனச்சுக் குடு ஆச்சி" என்று அவனே சொன்னால் அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆச்சியின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். நடுவில் பதினெட்டு வருடம் இந்த நோய் என்றால் எலும்பும் தோலுமாகிச் சாவதுதான் என்று ஊர் பார்த்தது. சுவர் விளம்பரத்தில் மண்டையோடு வரைந்து வைத்தார்கள். அந்தக் காலத்து ஆள் அவர்கள். போதாக்குறைக்குப் பெற்ற மகளைப் பறிகொடுத்தவர்கள். தனித் தட்டு வைப்பது வெறுப்பில் அல்ல, பத்து வயதுப் பேத்தியைக் காப்பாற்றத்தான். ஆனால் தட்டு, டம்ளர், துண்டு, கக்கூஸ், கொசு, எச்சில், ஒரே பாயில் படுப்பது, கட்டிப்பிடிப்பது எதிலும் இது பரவாது. ஒரு தடவை அவர்களையும் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆலோசகர் வாயால் கேட்க வையுங்கள். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒரு தடவை சொன்னால் அவர்களுக்கு ஏறும். அதுவரை தட்டு காத்திருக்க வேண்டாம். பையனிடம் சொல்வதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். வாயால் 'உன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டு ராத்திரி அதே தட்டில் சோறு போட்டால் அவன் தட்டைத்தான் நம்புவான். தனியாக வைக்க வேண்டியவை பிளேடும் ரேஸரும்தான். அது எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"எதையாவது பண்ணிக்கிட்டாம்னா?" என்ற கேள்விக்கு வருகிறேன். சொன்ன பிறகு சில நாள் பேசாமல் இருப்பான். கோபப்படுவான், மாத்திரையைத் தொட மாட்டேன் என்பான், உங்களையே "நீயும் பொய்தான சொன்ன" என்பான். இதெல்லாம் வரும், போகும். வாக்குவாதம் செய்யாமல் பக்கத்தில் இருங்கள். சாப்பாடு தூக்கம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒடுங்கிக் கிடந்தாலோ, செத்துப்போவதைப் பற்றி ஒரு சொல் வந்தாலோ, தனக்குப் பிடித்த சாமானை எல்லாம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பூச்சி மருந்து, உரக் கொட்டகைச் சாவி எதுவும் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டாம். 14416 மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. எச்.ஐ.வி. பற்றி எந்தச் சந்தேகம் என்றாலும் 1097, பேர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆச்சியிடம் இதையும் சொல்லுங்கள்: வீட்டு ஆள் வாயால் கேட்டு உடைந்துபோன பிள்ளைகளைவிட, தெருவில் எவன் வாயாலோ கேட்டு உடைந்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி அவன் யாரிடம் சொல்லலாம்? இதைச் சொல்லித்தருவதுதான் ஆகக் கஷ்டம். வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறோம், அதே மூச்சில் யாரிடமும் சொல்லாதே என்கிறோம். பையனுக்கு இரண்டும் முரணாகத் தெரியும், தெரியத்தான் செய்யும். அதனால் 'சொல்லாதே' என்று கட்டளை போடாமல் கணக்கு வழக்காகச் சொல்லுங்கள்: "இது எனக்கும், சித்தப்பாவுக்கும், ஆச்சிக்கும், ஆஸ்பத்திரிக்கும் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒனக்கு யார்ட்டயாவது சொல்லணும்னு தோணிச்சுன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லு, ரெண்டு பேரும் யோசிப்போம். சொன்னதத் திருப்பி வாங்க முடியாதுல்லா." தனக்கு முன்னால் யார் யாருக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு யாருக்காவது, சித்தப்பா வழியிலோ அத்தான் ஊரிலோ, தெரியும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். பிறகு அவனாகக் கண்டுபிடித்தால் உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். உங்கள் மகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம். அண்ணன் வளர்ந்து, அவனே சொல்லட்டும்.

பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாத்திரை ராத்திரியில், மையத்துக்குப் போகிற நாளில் 'ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்' என்று லீவு லெட்டர். அவ்வளவுதான். 2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் நிலைமையைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, இதைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ வாடகை வீட்டிலோ பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. நல்ல ஹெட்மாஸ்டர்தான், அவரிடம் மட்டும் சொன்னால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்லவராகவே இருக்கட்டும். அவர் மாறுதலாகிப் போன பிறகு வருகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

கபடிக்கு அனுப்புங்கள். தோல் கிழியாமல் இருக்கிறவர்கள் மேல் ரத்தம் பட்டாலும் வராது, வியர்வையில் வராது. முட்டி சிராய்த்தால் கழுவி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு விளையாடலாம். ரத்தம் யாருடையதாக இருந்தாலும் வெறுங்கையால் துடைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் உள்ள விதி.

கல்யாணக் கேள்விக்குப் பதில் 'உண்டு' என்பதுதான். தினமும் மாத்திரை எடுத்து, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று போகாது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்து உறுதி செய்த உண்மை இது. தொற்றில்லாத பெண்ணைக் கட்டலாம், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறலாம். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து. உடலுறவுக்கு முன் துணைக்குச் சொல்வது அல்லது பரவாமல் தகுந்த பாதுகாப்பு எடுப்பது என்ற பொறுப்பைச் சட்டமும் அவன் மேல் வைக்கிறது. இன்றைக்குப் பதிமூன்று வயதில் அவனிடம் இதையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டாம். "எனக்குக் கல்யாணம் ஆவுமா?" என்று அவன் கேட்டால் மட்டும், யோசிக்காமல், "ஆவும்" என்று சொல்லுங்கள். நீங்கள் யோசிக்கிற அந்த நேரத்தை அவன் கவனிப்பான்.

அடுத்த தேதிக்குப் போகும்போது மீதி மாத்திரையை டப்பாவோடு கொண்டுபோங்கள், ஓட்டுக்குள் கிடந்ததையும் சேர்த்து. அங்கே எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை இடித்தால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். ஆலோசகரிடம் அவனைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். அவன் வயதுப் பிள்ளைகளுக்குக் கூட்டம் எப்போது நடக்கிறது என்றும் விசாரியுங்கள். தன்னைப் போல இன்னும் நாலு பேர் சினிமா பேசிக்கொண்டு மாத்திரை வாங்கிப் போவதைப் பார்ப்பது அவனுக்கு நல்லது. எண் இறங்கி நிலைத்த பிறகு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்கலாம், உங்களுக்கும் பஸ்ஸுக்குச் செலவழிகிற நாள் மிச்சமாகும். மூன்று மாதம் கழித்து வைரல் லோடு ரிப்போர்ட் வந்ததும் அதை முதலில் அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.